சம்மனை வாங்காதே என்றார்கள்

2018 ஆகஸ்ட் கடைசியில் ஒரு நாள் எங்கள் சம்பளப் பிரிவிலிருந்து கூப்பிட்டார்கள். "சார், உங்க சம்பளத்துல மாசம் பத்தாயிரம் பிடிச்சு கோர்ட்டுக்குக் கட்டச் சொல்லி உத்தரவு வந்திருக்கு." சொன்ன பையன் என்னைவிடப் பதினைந்து வயது சின்னவன். பக்கத்து நாற்காலியில் இருந்தவர்கள் கம்ப்யூட்டரையே பார்த்துக்கொண்டிருப்பதுபோல நடித்தார்கள். நான் யாரிடமும் பத்து ரூபாய் கடன் வாங்கியதில்லை. வாங்கியது உடன் வேலை பார்த்த நண்பர். நான் போட்டது ஜாமீன் கையெழுத்து மட்டும். அந்த "மட்டும்" என்ற சொல்லுக்கு நான் கொடுத்த விலை இரண்டே கால் லட்சத்துக்குக் கொஞ்சம் அதிகம், அதோடு ஒன்றரை வருடம். நீதிமன்றத்தில் புழங்கும் சொற்கள் எல்லாமே நமக்கு ஏற்கெனவே தெரிந்த சொற்கள். வம்பே அங்கேதான். தெரியும் என்று நினைத்துக்கொண்டு அர்த்தம் கேட்காமல் விட்டுவிடுகிறோம்.

முதலில் அந்த ஜாமீனையே எடுத்துக்கொள்வோம். தமிழில் இந்த ஒரே சொல்லுக்கு இரண்டு வேலை. கைதானவரை வெளியே எடுப்பதும் ஜாமீன், கடனுக்குப் பொறுப்பேற்பதும் ஜாமீன். முதலாவதில் ஆள் ஒழுங்காக ஆஜரானால் ஜாமீன்தாரருக்குச் சேதமில்லை. அதே நினைப்பில், "அவர் கட்டாவிட்டால் அவரை வற்புறுத்தத்தான் நம்மைக் கூப்பிடுவார்கள்" என்று நான் எண்ணியிருந்தேன். இந்திய ஒப்பந்தச் சட்டம் 128ஆவது பிரிவின்படி, ஒப்பந்தத்தில் வேறுவிதமாக எழுதியிருந்தாலொழிய, ஜாமீன்தாரரின் பொறுப்பு கடன் வாங்கியவரின் பொறுப்புக்குச் சமம். முதலில் அவரிடம் வசூலித்துப் பார்த்துவிட்டுத்தான் உங்களிடம் வரவேண்டும் என்ற கட்டாயம் கடன் கொடுத்தவருக்கு இல்லை. 1968இலேயே உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. இருவரில் யாரிடம் வசூலிப்பது எளிதோ அவரிடம் போவார்கள். மாதச் சம்பளக்காரரைவிட எளிதான ஆள் யார்?

என் நிலைமை அதைவிட மோசம். 2014 பிப்ரவரியில் ஒரு தனியார் பைனான்ஸில் நண்பர் 2,50,000 ரூபாய் வாங்கினார், வட்டி 18 சதவீதம். அச்சடித்த புரோநோட்டில் அவர் கையெழுத்துக்குக் கீழே என்னைப் போடச் சொன்னார்கள். போட்டேன். "நாங்கள் கூட்டாகவும் தனித்தனியாகவும் திருப்பித் தருகிறோம்" என்று அதில் அச்சாகியிருந்ததை நான் படித்தது நாலரை வருடம் கழித்து, நகல் எடுத்தபோதுதான். அப்படிக் கையெழுத்துப் போட்டால் பத்திரத்தின்படி நீங்கள் ஜாமீன்தாரர்கூட இல்லை, இன்னொரு கடன்காரர். "தனித்தனியாகவும்" என்றால் ஆளுக்குப் பாதி என்று அர்த்தமில்லை, முழுத் தொகையையும் உங்கள் ஒருவரிடமே கேட்கலாம் என்று அர்த்தம். சாட்சி என்று எழுதிய இடத்தில் போட்டால் கதை வேறு. சாட்சிக்குக் கடன் பொறுப்பு கிடையாது, கையெழுத்து உண்மையா என்று கேட்டால் வந்து சொல்லவேண்டும், அவ்வளவுதான். ஆகவே பேனாவை எடுக்குமுன் எந்த இடத்தில் போடச் சொல்கிறார்கள், அதன் தலைப்பில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். தொகை, தேதி, வட்டி மூன்றும் எழுத்திலும் எண்ணிலும் நிரம்பியிருக்க வேண்டும். ஸ்டாம்பு ஒட்டிய வெற்றுப் புரோநோட்டில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால், அதை நிரப்பிக்கொள்ள வாங்கியவருக்கு நீங்களே அதிகாரம் கொடுத்ததாகத்தான் செலாவணி முறிச் சட்டம் 20ஆவது பிரிவு எடுத்துக்கொள்ளும். பிறகு "நான் போடும்போது காலியாக இருந்தது" என்பது எடுபடுவது கஷ்டம். முடிந்தால் அங்கேயே போனில் முன்னும் பின்னும் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். கேட்கக் கூச்சமாக இருக்கும். சம்பளப் பிரிவு வாசலில் நிற்பதைவிட அந்தக் கூச்சம் குறைவு.

நண்பர் எட்டு மாதம் வட்டி கட்டினார், பிறகு நிறுத்திவிட்டார். 2016 நடுவில் எனக்கு வக்கீல் நோட்டீஸ் வந்தது. நண்பரிடம் காட்டினேன். "எல்லாருக்கும் அனுப்புறதுதான், நான் பார்த்துக்கறேன்" என்றார். வக்கீல் நோட்டீஸ் என்பது எதிர்த் தரப்பு வக்கீல் எழுதும் கடிதம்தான், அதில் நீதிமன்றம் எங்கும் இல்லை. ஆனாலும் பதில் போடவேண்டும். பதிலே போடாமல் இருந்ததைப் பின்னால் வழக்கில், "நோட்டீஸ் பெற்றும் மறுக்கவில்லை" என்று நமக்கு எதிராக எழுதுவார்கள். சம்மன் வேறு. அது நீதிமன்ற முத்திரையோடு, வழக்கு எண், ஆஜராக வேண்டிய தேதி, கூடவே பிராது நகலுடன் வரும். பிராது என்றால் ஊரில் பேசுவதுபோலப் போலீஸ் புகார் அல்ல, வாதி தன் வழக்கை எழுதிக் கொடுத்திருக்கும் வழக்குரை. உங்களைப் பிரதிவாதி என்று குறிப்பிட்டிருந்தால் பதறவேண்டாம், குற்றவாளி என்று அதற்குப் பொருளில்லை. நான் இரண்டாம் பிரதிவாதி.

நீதிமன்ற ஊழியரான அமீனா சம்மனோடு வந்தபோது நான் வீட்டில்தான் இருந்தேன். எங்கள் மாமா ஒருவர், நாலு கேஸ் பார்த்தவர் என்று பெயர் எடுத்தவர், உள்ளேயிருந்தே சைகை காட்டினார்: வாங்காதே. "வாங்கினாத்தான்டா கேஸு. கையெழுத்துப் போடலேன்னா அவன் திரும்பி போயிடுவான்." தமிழ்நாட்டில் இந்த நம்பிக்கையால் வீடு வாசல் இழந்தவர்கள் எத்தனை பேரோ. நானும் வாங்க மறுத்தேன். அமீனா எதுவும் பேசவில்லை. தெருவில் இருவரைக் கூப்பிட்டுப் பெயர் எழுதிக்கொண்டு, நகலை எங்கள் வாசற்கதவில் ஒட்டிவிட்டுப் போய்விட்டார். உரிமையியல் நடைமுறைச் சட்டம் 5ஆவது கட்டளையில் அவருக்குச் சொல்லியிருப்பதே அதுதான்: மறுத்தால் கதவில் ஒட்டு, யார் அடையாளம் காட்டினார் என்று எழுது, அறிக்கை கொடு. நீதிபதி அந்த அறிக்கையை ஏற்றுக்கொண்டால் சம்மன் முறைப்படி சேர்ந்துவிட்டது. ஆளே அகப்படாவிட்டால் நாளிதழில் சின்ன எழுத்தில் விளம்பரம் போட்டும் சேர்ப்பித்ததாக ஆக்கலாம். சுருக்கமாக, மறுப்பதால் வழக்கு நிற்காது. வழக்கில் என்ன எழுதியிருக்கிறார்கள் என்று தெரிந்துகொள்ளும் வாய்ப்பைத்தான் இழப்பீர்கள். வாங்குங்கள், வாங்கிய தேதியை உறையின் மேலேயே எழுதுங்கள். அன்றிலிருந்து 30 நாளுக்குள் எதிருரை, அதாவது பிராதுக்கு நம் பதில், போடவேண்டும், காரணம் சொன்னால் 90 நாள் வரை நீட்டித் தருவார்கள்.

கதவில் ஒட்டியதைக் கிழித்து நண்பரிடம் கொடுத்தேன். "என் வக்கீல்கிட்ட சொல்லிட்டேன், உங்களுக்கும் சேர்த்து வக்காலத்து போட்டுட்டார்" என்றார். நிம்மதியாக வீட்டுக்கு வந்து தூங்கினேன். வக்காலத்து வாங்குவது என்றால் பேச்சு வழக்கில் ஒருவருக்குப் பரிந்து பேசுவது. நீதிமன்றத்தில் அது ஒரு தாள், உங்கள் சார்பில் ஆஜராக இந்த வக்கீலுக்கு அதிகாரம் தருகிறேன் என்று நீங்கள் கையெழுத்திட்டுத் தரும் தாள். நான் எதிலும் கையெழுத்திடவில்லை என்றால் எனக்கு வக்கீலும் இல்லை. இந்தச் சின்னக் கணக்கு எனக்கு அன்று தோன்றவில்லை. நண்பரும் தனக்கு வக்காலத்து போட்டதோடு சரி, இரண்டு வாய்தா போனார், நிறுத்திவிட்டார். உங்களுக்காக வக்கீல் வைத்திருப்பதாக யாராவது சொன்னால் கேட்கவேண்டியது ஒன்றுதான்: நான் எப்போது கையெழுத்துப் போட்டேன்?

பிறகு எக்ஸ்பார்ட்டி. ஒருதலைப்பட்சம் என்று எழுதுவார்கள். பாரபட்சமான தீர்ப்பு என்று நினைக்கவேண்டாம், ஒரு தரப்பு மட்டும் வந்திருந்தது என்றுதான் பொருள். இதில் இரண்டு படி உண்டு, இந்த வேறுபாடு தெரிந்தால் நிறையப் பணம் மிஞ்சும். முதல் படியில் நீங்கள் வராததால் உங்களை எக்ஸ்பார்ட்டி ஆக்கி உத்தரவிடுவார்கள். அந்த நிலையில் வழக்கு இன்னும் உயிரோடுதான் இருக்கிறது. 9ஆவது கட்டளை 7ஆவது விதியில் ஒரு மனு, வராததற்குத் தக்க காரணம், பெரும்பாலும் ஏதோ செலவுத்தொகை, அவ்வளவில் உள்ளே வந்துவிடலாம். இரண்டாவது படி, வாதியின் சாட்சியத்தை மட்டும் கேட்டுத் தீர்ப்பு சொல்லிவிடுவது. அது எக்ஸ்பார்ட்டி டிக்ரி. அதற்கு 13ஆவது விதி, டிக்ரி தேதியிலிருந்து 30 நாள். சம்மன் முறைப்படி சேரவே இல்லை என்றால்தான், டிக்ரி இருப்பதை நீங்கள் அறிந்த நாளிலிருந்து அந்த 30 நாளை எண்ணுவார்கள். எனக்கு டிக்ரி ஆனது 2017 பிப்ரவரி 20. நான் மனு போட்டது 2018 செப்டம்பர் 7. 534 நாள் தாமதம்.

தீர்ப்பும் டிக்ரியும் ஒன்றல்ல. தீர்ப்பில் காரணங்கள் இருக்கும். டிக்ரி, அதாவது தீர்ப்பாணை, யார் யாருக்கு எவ்வளவு தரவேண்டும் என்று மட்டும் சொல்லும் தனித் தாள். வசூலுக்குப் போவது டிக்ரி. அதை வைத்து நிறைவேற்று மனு போடுவார்கள், நீதிமன்ற வளாகத்தில் எல்லோரும் இ.பி. என்பார்கள். பண டிக்ரிக்கு 12 வருடம் வரை இ.பி. போடலாம், ஆகவே "ரெண்டு வருஷமா சத்தமே இல்லை, விட்டுட்டாங்க" என்று யாரும் சந்தோஷப்பட வேண்டாம். எனக்கு அசல் 2,50,000, வழக்குப் போடும்வரை 22 மாத வட்டி 82,500, ஆக 3,32,500. அதன்மேல் வட்டி, வழக்குச் செலவு. தமிழ்நாட்டில் 2017 மார்ச்சுக்கு முன் பண வழக்குக்கு நீதிமன்றக் கட்டணம் ஏழரை சதவீதம் (இப்போது மூன்று), என் வழக்கு 2016இல் போட்டது, ஆக அதுவே ஏறக்குறைய 25,000. தோற்றவர் தலையில் அதுவும் விழும். எல்லாம் சேர்ந்து இ.பி.யில் 3,97,000 சொச்சம்.

ஜப்தி என்ற சொல்லுக்குத்தான் நான் அதிகம் நடுங்கினேன். அண்டா குண்டாவைத் தெருவில் எடுத்து வைப்பார்கள் என்று மனைவி அழுதாள். தெரிந்திருந்தால் பாதி இரவுகளாவது தூங்கியிருப்போம். சமையல் பாத்திரம், உடுதுணி, கட்டில், தொழில் செய்பவரின் கருவிகள், மத வழக்கப்படி ஒரு பெண் கழற்றக்கூடாத நகை, அதாவது தாலி போன்றவை, வருங்கால வைப்பு நிதி, இவற்றை உரிமையியல் நடைமுறைச் சட்டம் 60ஆவது பிரிவு ஜப்தியிலிருந்து விலக்கியிருக்கிறது. சம்பளத்துக்கும் கணக்கு உண்டு. அகவிலைப்படி போல விலக்குப் பெற்ற படிகளைக் கழித்த பிறகு, முதல் ஆயிரம் ரூபாயைத் தொடக்கூடாது, மீதியில் மூன்றில் இரண்டு பங்கையும் தொடக்கூடாது. எனக்கு அப்படிக் கணக்கில் வந்தது 31,000. ஆயிரம் போனால் 30,000, அதில் மூன்றில் ஒன்று 10,000. ஒரே டிக்ரிக்காக மொத்தம் 24 மாதங்களுக்கு மேல் பிடிக்கவும் முடியாது. ஜீவனாம்ச டிக்ரிக்குக் கணக்கு வேறு, அங்கே பிடித்தம் அதிகம். சிறை பயமும் அப்படித்தான். பண டிக்ரிக்காகப் பெண்களைக் கைது செய்யவே முடியாது. ஆண்களையும் பணம் இல்லை என்பதற்காக மட்டும் அடைக்கக்கூடாது, வசதியிருந்தும் வேண்டுமென்றே கட்டாமல் இருந்தால்தான் என்று 1980இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. அடைத்தாலும் மூன்று மாதத்துக்கு மேல் இல்லை. ஆனால் உள்ளே இருந்துவிட்டு வந்தால் கடன் தீர்ந்தது என்பதும் பொய், கடன் அப்படியே நிற்கும்.

வக்கீலிடம் போகுமுன் செய்யவேண்டியது நகல் மனு. வழக்கு எண் தெரிந்தால் போதும். பிராது, புரோநோட்டு, அமீனா அறிக்கை, தீர்ப்பு, டிக்ரி எல்லாவற்றுக்கும் சான்றிட்ட நகல் கேளுங்கள். எண்ணே தெரியாவிட்டால் இகோர்ட்ஸ் செயலியில் உங்கள் பெயர், வருடம், நீதிமன்றம் போட்டுத் தேடலாம். 16 எழுத்து கொண்ட சி.என்.ஆர். எண் ஒன்று கிடைக்கும், அதைக் குறித்துவைத்தால் அடுத்த வாய்தா தேதியை வீட்டிலிருந்தே பார்க்கலாம், யாரையும் கெஞ்ச வேண்டியதில்லை. நகல் கைக்கு வந்த பிறகுதான் மேலே சொன்ன "கூட்டாகவும் தனித்தனியாகவும்" என் கண்ணில் பட்டது. அமீனா அறிக்கையும் பட்டது. "இரண்டாம் பிரதிவாதி நேரில் இருந்தும் பெற மறுத்ததால்" என்று தொடங்கி, சாட்சிகள் இருவர் பெயரோடு, தேதியோடு, சுத்தமாக.

முதலில் நான் பார்த்த வக்கீல், "சம்மனே வரலைன்னு அபிடவிட் போட்டுடலாம்" என்றார். ஆசையாகத்தான் இருந்தது, 534 நாள் ஒரே அடியில் மறைந்துவிடும். ஆனால் அபிடவிட் என்பது சத்தியம் செய்து தரும் வாக்குமூலம். அறிக்கையில் பெயர் இருக்கும் இருவரையும் வாதி கூண்டில் ஏற்றினால் மனுவும் போகும், பொய்ச் சத்தியத்துக்கு வேறு பதில் சொல்லவேண்டும். இரண்டாவது வக்கீல் நடந்ததை நடந்தபடியே எழுதினார்: அறியாமையால் மறுத்தேன், முதல் பிரதிவாதி வக்கீல் வைத்ததாகச் சொன்னதை நம்பினேன். போட்ட மனுக்கள் மூன்று. தாமதத்தை மன்னிக்க ஒன்று, டிக்ரியை ரத்து செய்ய ஒன்று, இ.பி.யை நிறுத்திவைக்க ஒன்று. மூன்றாவதைத் தனியாகக் கேட்டுப் போடச்சொல்லுங்கள். ரத்து மனு போட்டாலே பிடித்தம் நின்றுவிடும் என்று பலர் நினைக்கிறார்கள், நிற்காது. எனக்கு ஸ்டே கிடைப்பதற்குள் மூன்று மாதம், 30,000 ரூபாய் போய்விட்டது. தாமத மனு வென்ற பிறகுதான் ரத்து மனுவுக்கு எண்ணே விழும். 2019 பிப்ரவரியில் இரண்டையும் அனுமதித்தார்கள், ஒரு நிபந்தனையோடு: டிக்ரி தொகையில் பாதி, 1,66,250 ரூபாயை முப்பது நாளில் நீதிமன்றத்தில் கட்டவேண்டும். இப்படி நிபந்தனை விதிக்கச் சட்டமே இடம் தருகிறது, ஆகவே மனு போடும் நாளிலேயே பணத்துக்கு வழி தேடத் தொடங்குங்கள். கெடு தவறினால் மனு தள்ளுபடி, பிறகு மேல்முறையீடுதான். நகைகளை அடகு வைத்துக் கெடுவுக்கு இரண்டு நாள் முன்னால் கட்டினேன்.

வழக்கு மீண்டும் உயிர் பெற்றது. எதிருரையில் சொல்ல என்னிடம் என்ன இருந்தது? கையெழுத்து என்னுடையதுதான். புரோநோட்டு தேதியிலிருந்து மூன்று வருடத்துக்குள் வழக்குப் போட்டுவிட்டார்கள். உங்கள் விஷயத்தில் மூன்று வருடம் தாண்டியிருந்தால் புரோநோட்டின் பின்பக்கத்தை நன்றாகப் பாருங்கள். அங்கே வரவு எழுதியிருப்பதை வைத்துத்தான் காலக்கெடுவை நீட்டியிருப்பார்கள். சேர்ந்து கடன் எழுதிக் கொடுத்தவர்களில் ஒருவர் கட்டி வரவு வைத்ததை மட்டும் காரணம் காட்டி இன்னொருவரின் காலக்கெடுவை நீட்ட முடியாது என்று காலவரையறைச் சட்டம் 20ஆவது பிரிவு சொல்கிறது. இந்த ஒரு வாதத்தில் தப்பியவர்கள் உண்டு. எனக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

இடையில் வாய்தாக்கள். உருதில் வாக்குறுதி என்று பொருளாம், எனக்கு அதில் காப்பாற்றப்பட்ட வாக்குறுதி எதுவும் நினைவில்லை. பதினொரு நாள் விடுப்பு. அதில் பாதி நாள் நான் போயிருக்கவே வேண்டாம். வக்கீல் இருக்கும் உரிமையியல் வழக்கில், சாட்சி சொல்லும் நாள், சமரச நாள், நீதிபதி நேரில் வரச்சொன்ன நாள் தவிர மற்ற நாட்களில் கட்சிக்காரர் வராவிட்டாலும் வழக்கு நடக்கும். வக்கீலிடம் முந்தின நாளே கேளுங்கள்: நாளைக்கு எதற்காகப் போட்டிருக்கிறது?

2019 டிசம்பரில் லோக் அதாலத்தில், அதாவது சமரசம் பேசி முடிக்கும் மக்கள் நீதிமன்றத்தில், முடித்தோம். ராஜி என்றால் விட்டுக்கொடுத்துத் தோற்பது என்று மாமா சொன்னார். அவர் பேச்சை நான் கேட்பதை நிறுத்தி ரொம்ப நாளாகியிருந்தது. அங்கே ஆகும் முடிவுக்கு டிக்ரியின் பலம் உண்டு, மேல்முறையீடு கிடையாது, ஆகவே கையெழுத்திடுமுன் தொகை, தவணைத் தேதி, "இனி எந்தக் கோரிக்கையும் இல்லை" என்ற வரி, இ.பி. முடிக்கப்படும் என்ற வரி நான்கையும் படித்துவிடுங்கள். வாதிக்கு அவர் கட்டிய நீதிமன்றக் கட்டணம் திரும்பக் கிடைக்கும், அவர் இறங்கிவர அது ஒரு நல்ல காரணம், பேசும்போது நினைவுபடுத்தலாம். 2,90,000க்கு ஒப்புக்கொண்டார்கள். பிடித்தமும் டெபாசிட்டும் சேர்த்து 1,96,250 போக மீதி 93,750. நண்பரை ஒருவழியாக வரவழைத்ததில் 60,000 கொடுத்தார், மிச்சம் நான். வக்கீல் வைக்க வசதியில்லை என்றால் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் கேளுங்கள். பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், தொழிற்சாலைத் தொழிலாளர்கள் ஆகியோருக்கு வருமான வரம்பு பார்க்காமலே இலவசமாக வக்கீல் தருவார்கள். 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம்.

கட்டியது என் பணமாயிற்றே, அது திரும்ப வருமா? ஜாமீன்தாரர் நியாயமாகக் கட்டிய தொகையைக் கடன் வாங்கியவரிடம் வசூலிக்கும் உரிமை ஒப்பந்தச் சட்டம் 145ஆவது பிரிவில் இருக்கிறது, கட்டிய நாளிலிருந்து மூன்று வருடத்துக்குள் வழக்குப் போடவேண்டும். அதற்கு நீதிமன்ற ரசீது, சம்பளப் பிடித்தச் சான்று, லோக் அதாலத் உத்தரவு நகல் மூன்றும் தேவை, அன்றே வாங்கி வைத்துவிட்டேன். பத்திரத்தில் நீங்கள் கூட்டுக் கடன்காரர் என்றிருந்தால், பணம் முழுவதும் அவரே எடுத்துக்கொண்டார், நீங்கள் ஜாமீனுக்குத்தான் நின்றீர்கள் என்பதைக் காட்ட ஏதாவது எழுத்து வேண்டும். எனக்கு நண்பர் அனுப்பிய பழைய வாட்ஸ்அப் செய்திகள் இருந்தன. அவற்றைக் காட்டி வக்கீல் நோட்டீஸ் அனுப்பியதும் வீட்டுக்கு வந்தார், காபி குடித்தார், 2,30,000க்குத் தன் பெயரில் ஒரு புரோநோட்டு எழுதிக் கொடுத்தார். தொகை, தேதி, வட்டி எல்லாம் நிரப்பி, படமும் எடுத்துவைத்திருக்கிறேன். அவர் கையெழுத்துக்குக் கீழே போட மட்டும் யாரும் கிடைக்கவில்லை.